பேஸ் கிட்டார்: தம்பிகள் மேடை ஓரத்தில் கேட்கும் கேள்விகள்

மலேசியாவில், சுங்கை சிப்புட் பக்கம் கல்யாண டின்னர், கோயில் திருவிழா, பள்ளிக்கூட நிதி நிகழ்ச்சி என்று எங்கே எங்கள் குழு ஏறினாலும், முடிந்து வயரைச் சுற்றிக்கொண்டிருக்கும்போது இரண்டு மூன்று பையன்கள் மேடை ஓரமாக வந்து நிற்பார்கள். பகலில் எனக்குச் செம்பனை எண்ணெய் ஆலையில் ஒயர்மேன் வேலை, வார இறுதியில் பேஸ், அதாவது பாட்டுக்கு அடியில் கீழ்ச் சுரம் கொடுக்கும் கிட்டார். இருபது வருடத்துக்கு மேல் இப்படியே ஓடிவிட்டது. ஒரே பதிலைச் சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது, எழுதியே வைத்துவிடலாம் என்று உட்கார்ந்துவிட்டேன். ஒயர்மேன் என்பதால் கரண்ட் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகவே பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அண்ணே, முதல் பேஸ் எதை வாங்கலாம்?

கையில் இருக்கும் பணம் முழுவதையும் கிட்டாரில் போடாதீர்கள். பாதிக்குக் கொஞ்சம் மேலே கிட்டாருக்கு, மீதி ஒரு சின்ன ஆம்புக்கும் (சத்தத்தைப் பெருக்கும் பெட்டி), புதுக் கம்பிக்கும், தெரிந்த ஒருவரிடம் கொடுத்துச் சரிசெய்யும் கூலிக்கும். சரிசெய்த மலிவு கிட்டார், பெட்டியிலிருந்து எடுத்தபடியே வாசிக்கும் விலை உயர்ந்த கிட்டாரைவிட விரலுக்குச் சுகமாக இருக்கும். இதை நம்பாமல் கடன் வாங்கிப் பெரிய பிராண்டு எடுத்தவர்களை எனக்குத் தெரியும்.

கடையில் தொங்கும் பேஸ்களில் முக்கால்வாசி இரண்டே இரண்டு கிட்டாரின் பிள்ளைகள். லியோ ஃபெண்டர் 1951-இல் கொண்டுவந்த பிரிசிஷன் பேஸ் ஒன்று, 1960-இல் வந்த ஜாஸ் பேஸ் இன்னொன்று. பிக்கப் என்பது கம்பியின் அதிர்வைச் சிக்னலாக மாற்றும் காந்தத் துண்டு. பிரிசிஷனில் நடுவில் இரண்டு துண்டாகப் பிளந்த ஒரு பிக்கப், ஜாஸில் நீளமாக இரண்டு. யமாஹா டிஆர்பிஎக்ஸ்174 போன்றவற்றில் இரண்டிலிருந்தும் ஒவ்வொன்று இருக்கும். தொடங்குகிறவருக்கு அது நல்ல சமரசம். பழையது வாங்கப் போனால் கழுத்தின் ஓரமாக ஒரு கண்ணை மூடிப் பாருங்கள், முறுக்கியிருந்தால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். வளைவைச் சரிசெய்யலாம், முறுக்கலைச் சரிசெய்வது பெரிய செலவு. அப்புறம் கழுத்தின் குறுக்கே பதித்த உலோகப் பட்டைதான் ஃபிரெட், ஒவ்வொரு ஃபிரெட்டிலும் விரல் வைத்து ஒரு தட்டு. விற்கிறவர் அவசரப்படுத்தினால் இன்னும் மெதுவாகத் தட்டுங்கள்.

நாலு கம்பியா, அஞ்சு கம்பியா?

நாலு. ஏன் என்றால், நாலு கம்பி பேஸின் அடிக் கம்பியான ஈ, நொடிக்கு 41 முறை அதிர்கிறது. ஐந்தாவதாக வரும் பி கம்பி கிட்டத்தட்ட 31 முறை. நம் மண்டபங்களில் வாடகைக்கு வரும் ஸ்பீக்கர் 40-ஐயே ஒழுங்காகக் கொடுப்பதில்லை, 31 எங்கே கேட்கப் போகிறது? பாடகர் ஒரு கட்டையில், அதாவது சி-யில் நிற்கிறார், கீழே இறங்கி நிற்க ஆசை என்றால் ஐந்து கம்பி உதவும்தான். ஆனால் அந்த சி-யை ஏ கம்பியின் மூன்றாவது ஃபிரெட்டில் அழுத்தமாக வாசித்தால் கல்யாணத்தில் யாரும் எழுந்து போகமாட்டார்கள்.

கட்டை என்று சொல்கிறார்களே, அதை எப்படிப் பிடிப்பது?

இசைப் புத்தகம் படித்துவிட்டு வரும் பையன்கள் திணறும் இடம் இதுதான். கோயிலில் பாடும் ஐயா "அஞ்சரைக் கட்டை தம்பி" என்பார், இவர்கள் முழிப்பார்கள். ஹார்மோனியத்தின் வெள்ளைக் கட்டைகளை சி-யிலிருந்து எண்ணுங்கள். ஒன்று சி, இரண்டு டி, மூன்று ஈ, நாலு எஃப், ஐந்து ஜி, ஆறு ஏ, ஏழு பி. அரை சேர்ந்தால் அடுத்த கறுப்புக் கட்டை: ஒன்றரை சி ஷார்ப், இரண்டரை டி ஷார்ப், நாலரை எஃப் ஷார்ப், ஐந்தரை ஜி ஷார்ப், ஆறரை ஏ ஷார்ப். மூன்றரையும் ஏழரையும் கிடையாது, அங்கே கறுப்புக் கட்டையே இல்லை. யாராவது மூன்றரைக் கட்டை கேட்டால் சிரிக்காமல் எஃப் கொடுத்துவிடுங்கள், ஏழரை கேட்டால் சி. ஏழரையைக் கேட்டு வாங்குகிறவரையும் நான் பார்த்திருக்கிறேன்.

ஆக்டிவ், பாஸிவ் என்றால் என்ன?

ஆக்டிவ் பேஸுக்குள் 9 வோல்ட் பேட்டரியில் ஓடும் சின்ன சர்க்யூட் ஒன்று இருக்கும். 1976-இல் வந்த மியூசிக் மேன் ஸ்டிங்ரேதான் இதை எல்லோருக்கும் பழக்கியது. சத்தம் தெளிவாக, பளிச்சென்று வரும். பாஸிவில் பேட்டரி கிடையாது.

எது நல்லது என்று சண்டை போடலாம், ஆனால் ஒரு விஷயம் மறக்கக் கூடாது. பெரும்பாலான ஆக்டிவ் பேஸ்களில் வயரைச் சொருகிய நிமிடமே பேட்டரி ஓடத் தொடங்கிவிடும், ஆம்பை அணைத்திருந்தாலும் சரி. முதல் நாள் ராத்திரி ஒத்திகை முடிந்து வயரைப் பிடுங்காமல் தூங்கப் போனேன். மறுநாள் மாப்பிள்ளையும் பெண்ணும் மண்டபத்துக்குள் நுழைகிறார்கள், எல்லோரும் எழுந்து நிற்கிறார்கள், என் பேஸ் தொண்டை கட்டியவன் மாதிரி கரகரத்து அடங்கியது. கீபோர்டுக்காரர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவில் இருக்கிறது. இப்போது பைக்குள் ஒரு பேட்டரியும் சின்ன ஸ்க்ரூ டிரைவரும் எப்போதும் கிடக்கும்.

ஆம்ப் எத்தனை வாட் வேண்டும்?

வாட்டை இரட்டிப்பாக்கினால் சத்தம் இரட்டிப்பாகும் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். ஆகாது. 100 வாட்டிலிருந்து 200 வாட்டுக்குப் போனால் 3 டெசிபல்தான் கூடும், காதுக்குக் "கொஞ்சம் கூடியிருக்கு" என்று தெரியும், அவ்வளவுதான். காதுக்கு இரண்டு மடங்காகத் தெரிய ஏறக்குறைய 10 டெசிபல் வேண்டும், அதற்குப் பத்து மடங்கு வாட். ஆகவே 100 வாட் ஆம்பை விற்று 150 வாங்குவது வீண். இருக்கிற ஆம்பில் இன்னொரு ஸ்பீக்கர் பெட்டியைச் சேர்ப்பது அதைவிடப் பலன் தரும்.

வீட்டில் பழக 20, 30 வாட் போதும். டிரம்ஸோடு ஒத்திகை என்றால் 100-க்கு மேல். மேடைக்கு 200, 300 இருந்தால் நிம்மதி, மீதியை மிக்ஸர் வழியாகப் பெரிய ஸ்பீக்கர் பார்த்துக்கொள்ளும். 1969-இல் வந்த ஆம்பெக் எஸ்விடி என்ற 300 வாட் வால்வு ஆம்பும், அதோடு எட்டு 10 அங்குல ஸ்பீக்கர் கொண்ட பெட்டியும் படங்களில் பார்த்திருப்பீர்கள். குளிர்சாதனப் பெட்டி மாதிரி நிற்கும். எனக்கும் ஒரு காலத்தில் ஆசை இருந்தது. என் முதுகு வேண்டாம் என்றது. இன்றைக்கு கிளாஸ் டி என்ற இலேசான வகை ஆம்ப் ஒன்றை ஒரு கையில் தூக்கிக்கொண்டு மோட்டார் சைக்கிளிலேயே போகலாம்.

அமெரிக்காவிலிருந்து யாராவது ஆம்ப் அனுப்பினால் முதலில் பின்பக்கத்தைத் திருப்பிப் படியுங்கள். 120 வோல்ட் என்று மட்டும் போட்டிருந்தால் நம் 240 வோல்ட்டில் சொருகிய அடுத்த நொடி புகை.

ரெண்டு ஸ்பீக்கர் பெட்டி போட்டால் ஓம் என்ன ஆகும்?

ஓம் என்பது கரண்டுக்கு ஸ்பீக்கர் கொடுக்கும் தடையின் அளவு. 8 ஓம் பெட்டி இரண்டை ஆம்பில் சேர்த்தால் 4 ஓம். 4 ஓம் பெட்டி இரண்டைச் சேர்த்தால் 2 ஓம். ஆம்பின் பின்னால் "குறைந்தது 4 ஓம்" என்று இருந்தால் இரண்டாவது கணக்கு வேண்டாம், சூடேறிச் செத்துவிடும். அப்புறம், ஆம்புக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவில் கிட்டார் வயரைப் போடாதீர்கள். முனை ஒன்றுபோல் இருக்கும், உள்ளே கம்பி மெல்லிசு.

அண்ணே, பாடும்போது மைக் உதட்டைக் கடிக்குது. ஏன்?

இந்த ஒரு கேள்விக்காகத்தான் மற்ற எல்லாவற்றையும் எழுதுகிறேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கிட்டாரின் கம்பி, அதன் அடிமுனையைத் தாங்கும் உலோக பிரிட்ஜ் வழியாக, வயர் வழியாக, ஆம்பின் இரும்புப் பெட்டியோடு சேர்ந்திருக்கிறது. மைக்கின் வலைமூடி மிக்ஸரின் பெட்டியோடு சேர்ந்திருக்கிறது. இரண்டுக்கும் எர்த் சரியாக இருந்தால் நடுவில் வோல்ட் வித்தியாசம் இருக்காது. ஒன்றில் எர்த் அறுந்திருந்தால், கையில் ஒரு பக்கமும் உதட்டில் இன்னொரு பக்கமும் தொடும்போது நீங்களே வயர் ஆகிவிடுகிறீர்கள். லேசாகக் கடிப்பது எச்சரிக்கை. பலமாக அடித்தால் கை கம்பியை விட்டு வராது.

எங்கள் பக்கம் ஒரு திருவிழாவில் இரைச்சல் போகவில்லை என்று யாரோ ஆம்ப் பிளக்கின் எர்த் வயரைக் கழற்றிவிட்டிருந்தார்கள். இரைச்சல் போய்விட்டது, எல்லோருக்கும் சந்தோஷம். எட்டு மணிக்குப் பனி இறங்கி மேடைப் பலகை ஈரமானது, பாடப் போன பையன் மைக்கைத் தொட்டுவிட்டுப் பின்னால் விழுந்தான். கையில் தோல் உரிந்ததோடு போயிற்று. அவனுக்கு அன்றைக்கு நல்ல நேரம்.

ஆகவே மூன்று பின் பிளக்கில் எந்தப் பின்னும் அலங்காரத்துக்கு இல்லை. மேடையில் இருக்கும் ஆம்ப், கீபோர்டு, மிக்ஸர் எல்லாம் முடிந்தவரை ஒரே சப்ளையிலிருந்து வரட்டும். பிளக் பாயிண்டைச் சோதிக்கும் மூன்று விளக்கு டெஸ்டர் மலிவாகவே கிடைக்கும், வாங்கிப் பையில் போடுங்கள். ஜெனரேட்டர் என்றால் இஎல்சிபி, அதாவது கரண்ட் கசிந்தால் தானே அணைத்துவிடும் சுவிட்ச், இல்லாமல் நான் ஏறமாட்டேன், என்னைக் கிறுக்கன் என்றாலும் பரவாயில்லை.

அப்படியானால் அந்த இரைச்சலை எப்படிப் போக்குவது?

எர்த்தைக் கழற்றாமலே வழி இருக்கிறது. டிஐ பெட்டி ஒன்று வாங்குங்கள், கிட்டார் சிக்னலை மிக்ஸருக்கு நீள வயரில் சுத்தமாக அனுப்பும் சின்னப் பெட்டி. அதில் கிரவுண்ட் லிஃப்ட் என்று ஒரு சுவிட்ச் இருக்கும். அது சிக்னல் வயரின் கிரவுண்டைத்தான் பிரிக்கும், கரண்டின் எர்த்தைத் தொடாது. ஆம்புக்கும் மிக்ஸருக்கும் நடுவில் சுற்றும் இரைச்சல் பெரும்பாலும் அதோடு நின்றுவிடும்.

ஜாஸ் பேஸ் வைத்திருப்பவர்கள் இரண்டு வால்யூமையும் ஒரே அளவு திறந்து பாருங்கள். பெரும்பாலானவற்றில் இரண்டு பிக்கப்பும் ஒன்றின் இரைச்சலை ஒன்று அழித்துவிடும். ஒரு வேடிக்கை: நம் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 50 முறை, ஈ கம்பியின் மூன்றாவது ஃபிரெட்டில் வரும் ஜி 49 ஹெர்ட்ஸ். ஐந்து கட்டையில் பாடும் அக்கா வரும்போது இரைச்சலும் ஏறக்குறைய சுருதியோடு சேர்ந்து பாடும்.

கீபோர்டுக்காரரே இடது கையில் பேஸ் வாசிக்கிறார். நான் எதுக்கு?

நிகழ்ச்சிக்கு முன்னால் தேநீர் குடிக்கும்போதே பேசித் தீர்க்க வேண்டிய விஷயம் இது. பல வருடம் பேஸ் ஆள் இல்லாமல் வாசித்துப் பழகிய கை, சொன்னவுடன் அடங்காது. "மாஸ்டர், இன்னிக்கு இடது கைக்கு நான் ஓய்வு கொடுக்கிறேன்" என்று மரியாதையாகச் சொல்லுங்கள். இரண்டு பேரும் ஒரே இடத்தில் வாசித்தால் இரண்டு மடங்கு பேஸ் வராது, களிமண்தான் வரும்.

மைனஸ் ஒன் டிராக் இன்னும் மோசம். பாடகரின் குரலை மட்டும் நீக்கிவிட்ட பதிவு அது, பேஸ் உள்ளேயே இருக்கிறது. அதற்கு மேல் நாம் வாசிப்பது சோற்றுக்கு மேல் சோறு. சவுண்ட்காரரிடம் டிராக்கின் லோவை, அதாவது கீழ்ச் சத்தத்தை, குறைக்கச் சொல்லலாம், கிக் டிரம்மும் சேர்ந்து குறையும். அந்தப் பாட்டுக்கு நான் கிட்டாரைத் தோளில் போட்டபடி கைதட்டிவிடுவேன். சம்பளத்தில் பிடிக்கமாட்டார்கள்.

உருமி மேளத்தோடு எப்படி வாசிப்பது?

உருமியின் ஒரு பக்கத் தோலை வளைந்த குச்சியால் தேய்க்கும்போது எழும் அந்த உறுமல், பேஸ் நிற்கும் இடத்திலேயே வந்து நிற்கிறது, அதுவும் வழுக்கிக்கொண்டு. நீங்கள் ஓட ஓட இரண்டும் மோதும். ஒரே சுரத்தை நீளமாகப் பிடித்து நில்லுங்கள். உருமிப் பையன்கள் வேகம் ஏற்றும்போது நான் கையை எடுத்துவிடுவேன். சாமி வந்து ஆடுகிற இடத்தில் பேஸைத் தேடுகிறவர் யாரும் இல்லை.

மண்டபத்தில் பூம் பூம் என்று கேட்கிறது, எனக்கு மட்டும் கேட்கவே இல்லை. எப்படி?

இரண்டுக்கும் ஒரே காரணம். 41 ஹெர்ட்ஸ் அலை ஒன்றின் நீளம் 8 மீட்டருக்கு மேல். நம் பாலாய் ராயாவின் (ஊர்ப் பொது மண்டபம்) சிமெண்டுத் தரை, எதிரெதிர்ச் சுவர், தகரக் கூரை எல்லாவற்றிலும் பட்டுத் திரும்பி, சில இடங்களில் சேர்ந்து பெருக்கும், சில இடங்களில் அழியும். நீங்கள் நிற்கும் இடம் அழிகிற இடமாக இருக்கலாம். "பேஸ் தூரம் போய்த்தான் வளரும்" என்று பெரியவர்கள் சொல்வது சரியில்லை. கீழ் அலை எல்லாப் பக்கமும் பரவும், தெளிவு தரும் மேல் அலை ஸ்பீக்கருக்கு நேரே மட்டும் போகும். ஆம்ப் உங்கள் முட்டிக்குப் பக்கத்தில் இருந்தால் முட்டிக்குத்தான் தெளிவாகக் கேட்கும்.

ஆம்பை ஒரு நாற்காலியில் ஏற்றுங்கள், அல்லது முன்பக்கத்தில் மரக்கட்டை கொடுத்து முகத்தைப் பார்த்துச் சாய்த்து வையுங்கள். மூலையிலிருந்து வெளியே இழுங்கள், மூலை பூமைக் கூட்டும். அப்புறம் கேட்கவில்லை என்றவுடன் லோவைத் திருகும் பழக்கத்தை விடுங்கள். லோவைக் குறைத்து நடுவைக் கூட்டிப் பாருங்கள். தனியாகக் கேட்டால் மூக்கில் பேசுவது மாதிரி இருக்கும், குழுவோடு கேட்டால் ஒவ்வொரு சுரமும் தெரியும். திறந்த திடலில் கதை தலைகீழ்: சுவர் இல்லை, திரும்பி வர எதுவும் இல்லை, கொஞ்சம் லோ வேண்டும்.

தகரக் கூரையில் மழை பிடித்துக்கொண்டால் ஒன்றும் செய்ய முடியாது. புதுசாக எதையாவது வாசித்துப் பழக நல்ல நேரம் அது.

கம்பி சீக்கிரம் துருப் பிடிக்குது, கழுத்தும் வளையுது.

நம் ஊர் ஈரம் அப்படி. வாசித்து முடித்தவுடன் பழைய பனியன் துணியால் ஒவ்வொரு கம்பியையும் துடையுங்கள், அதுவே பாதி வைத்தியம். பைக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் போடுங்கள். வெயிலில் நிறுத்திய காரின் பின்பெட்டியில் கிட்டாரை விடாதீர்கள். செத்த கம்பியைக் கழற்றிச் சில நிமிடம் தண்ணீரில் கொதிக்க வைத்து நன்றாகக் காயவைத்தால் அழுக்குப் போய் இரண்டு வாரம் உயிரோடு இருக்கும். அம்மாவின் குழம்புச் சட்டியைத் தொடாதீர்கள்.

கழுத்துக்குள் ஓடும் இரும்புக் கம்பிதான் வளைவைப் பிடிக்கிறது. முதல் ஃபிரெட்டையும் கடைசி ஃபிரெட்டையும் ஒரே நேரத்தில் அழுத்திக்கொண்டு, நடுவில் கம்பிக்கும் ஃபிரெட்டுக்கும் உள்ள இடைவெளியைப் பாருங்கள். கல்யாண அழைப்பிதழ் அட்டை கனம், சுமார் 0.3 மில்லிமீட்டர் இருந்தால் சரி. அதற்கு மேல் என்றால் ஆலன் சாவியால் வலப்பக்கம் கால் சுற்று, அதற்கு மேல் வேண்டாம். மறுநாள் பார்த்துவிட்டு அடுத்த கால் சுற்று. இறுகி நகர மறுத்தால் பலத்தைக் காட்டாதீர்கள், தெரிந்தவரிடம் கொண்டு போங்கள்.

விரலா, பிக்கா, ஸ்லாப்பா?

மூன்றும். பிக் என்பது கம்பியைத் தட்டும் சின்னப் பிளாஸ்டிக் துண்டு. ஸ்லாப்புக்கு ஒரு கதை உண்டு: அமெரிக்க பேஸ் கலைஞர் லேரி கிரஹாம் தன் அம்மாவின் குழுவில் டிரம்ஸ் ஆள் இல்லாமல் போனபோது அந்தக் குறையை ஈடுசெய்யக் கட்டைவிரலால் அடிக்கத் தொடங்கினார், ஸ்லாப் அப்படிப் பிறந்தது. நம்மிடம் டிரம்ஸ் ஆள் இருக்கிறார். ஆகவே ஒரு ராத்திரிக்கு ஒரு ஸ்லாப் என்பது என் கணக்கு.

எனக்குக் கை சின்னது, முடியுமா அண்ணே?

காந்தி கலாசாலையில் படிக்கும் ஒரு தங்கச்சி கேட்டது. முடியும். லாஸ் ஏஞ்சலஸ் ஸ்டூடியோக்களில் கரோல் கே 1960-களில் பிக்கை வைத்துக்கொண்டு எண்ண முடியாத பதிவுகளில் வாசித்தார். இன்றைக்கு மும்பையின் மோகினி டே வாசிப்பதைப் பார்த்தால் என் விரலை நான் ஒளித்துக்கொள்வேன். வழக்கமான பேஸில் கம்பி நீளம் 34 அங்குலம். 30 அங்குலத்தில் ஷார்ட் ஸ்கேல் கிடைக்கிறது, தோளுக்கும் இலேசு.

யாரைக் கேட்டுப் பழகலாம்?

இளையராஜா. பல்லவியில் பாடகர் ஒரு வழி போக, பேஸ் தனியாக ஒரு மெட்டுப் பாடிக்கொண்டே கூடவரும். அவருடைய 80-களின் பதிவுகள் பலவற்றில் வாசித்தவர் சசிதரன். ஏ. ஆர். ரஹ்மானிடம் நெடுநாள் வாசித்த கீத் பீட்டர்ஸை அடுத்துக் கேளுங்கள். நம் நாட்டில் என்றால் பினாங்கில் தொடங்கிய அலிகேட்ஸ். டேவிட் ஆறுமுகம், லோகநாதன் சகோதரர்கள் மலாய்ப் பாட்டில் நாடு முழுக்க ஆட வைத்தவர்கள்.

ஒன்று மட்டும்: கைப்பேசி ஸ்பீக்கரில் கேட்காதீர்கள், அந்தக் குட்டி ஸ்பீக்கரில் பேஸின் அடிச் சுரம் வரவே வராது. இயர்ஃபோன் போடுங்கள்.

காதுக்கு ஏதாவது போடணுமா?

ஆலையில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த கணக்கு: 85 டெசிபலில் எட்டு மணி நேரம், ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதி. 100 டெசிபலில் கால் மணி நேரம்தான். சிம்பலுக்குப் பக்கத்தில் நான்கு மணி நேரம் நிற்கிறோம். என் இடது காதில் ராத்திரியில் சில்வண்டு கத்துகிறது, தோட்டத்துச் சில்வண்டு இல்லை. காதடைப்பான் போடுங்கள்.

கடைசியாக அண்ணே, உங்கள் பேஸை ஒரு நாள் கடன் தருவீங்களா?

மாட்டேன். ஆம்பை வேண்டுமானால் எடுத்துக்கொண்டு போங்கள். பிளக்கின் மூன்று பின்னையும் எண்ணிக் கொடுப்பேன், எண்ணித்தான் திரும்ப வாங்குவேன்.